பின் டிஸ்க் பிரேக்கில் எவ்வளவு மிதித்தும் ஏர் போகவில்லையா? காலி லைனை நிரப்பும் முறை

கேள்வி: என்னுடையது 2016 மாடல் பல்சர் 220, ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாதது. பின் பிரேக் ஹோஸ் கசிந்ததால் புது ஹோஸ் போட்டேன். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரையும் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினேன். டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, கேலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து மூடி, பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் ஆயில் இறங்கவே இல்லை. இப்போது கொஞ்சம் வருகிறது, ஆனால் பெடல் மெத்தென்று அடிவரை போகிறது. முன் பிரேக்கில் இதே வேலையைச் சுலபமாக முடித்தேன். மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா?

பதில்:

மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலை லைனில் தள்ளும் உருளை) போயிருக்க வாய்ப்பு குறைவு. ஹோஸ் மாற்றும் வரை பிடித்த பிரேக், மாற்றியதும் பிடிக்கவில்லை என்றால் லைனில் காற்று நிற்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான சீல் கிட் வாங்கக் கிளம்ப வேண்டாம்.

காலியான லைனில் ஆயில் நிரப்புவது ஒரு வேலை. ஏற்கெனவே ஆயில் உள்ள லைனில் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றுவது இன்னொரு வேலை. மிதி, பிடி, திற, மூடு என்கிற முறை இரண்டாவது வேலைக்கு உரியது. அதை வைத்து முதல் வேலையைச் செய்யப் பார்க்கிறீர்கள். முன் பிரேக்கில் அது எப்படியோ ஒப்பேறிவிடும். பின் பிரேக்கில் மணிக்கணக்கில் மிதித்தாலும் முடியாமல் போவது சகஜம்.

முன் பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர் ஹேண்டில்பாரில் உச்சியில் இருக்கிறது, கேலிப்பர் கீழே சக்கரத்தருகே இருக்கிறது. ஹோஸ் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. நடுவில் எங்கே குமிழி இருந்தாலும் அது தானாகவே மேலேறி, மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தரும் டப்பாவுக்கு வந்துவிடும். லிவரை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தாலே பாதிக் காற்று வெளியேறிவிடும். பின்னால் அப்படி இல்லை. மாஸ்டர் சிலிண்டர் ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் இருக்கிறது, கேலிப்பரும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கிறது. நடுவில் ஹோஸ் மேலே எழும்பி, ஸ்விங் ஆர்மோடு போய், மறுபடி வளைந்து கேலிப்பரில் இறங்குகிறது. அந்த மேட்டில் போய்க் காற்று உட்கார்ந்துகொள்கிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நடுவில் ஓரிடத்தில் மேடாக வளைந்திருந்தால் தண்ணீர் வராமல் ஏர் லாக் ஆகுமே, அதே கதைதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். பின் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 12.7 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு மிதிக்கு அது தள்ளுவது சுமார் 1.27 மி.லி. ஆயில். ஹோஸின் உள் துளை 3.2 மி.மீ. என்றால், அந்த 1.27 மி.லி. ஹோஸுக்குள் நகரும் தூரம் ஏறக்குறைய 16 செ.மீ. அதாவது ஒரு மிதிக்குக் குமிழி ஒரு சாண் தூரம்கூட முழுசாக நகர்வதில்லை. நீங்கள் நிப்பிளை மூடி, பெடலை விட்டு, அடுத்த மிதிக்குத் தயாராவதற்குள் அது பழையபடி மேட்டுக்கு ஏறிவிடுகிறது. அடுத்த மிதியிலும் அதே தூரம் இறங்கும், மறுபடி ஏறும்.

குமிழி எவ்வளவு பெரிதாக இருந்தால் பெடல் கெடும் என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். லைனில் 1 மி.லி. காற்று இருக்கிறது என்று வையுங்கள். அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 10 மடங்கு ஏறினால் அது 0.1 மி.லி. ஆகச் சுருங்கும். மீதி 0.9 மி.லி. இடத்தை ஈடுகட்டவே பிஸ்டன் 7 மி.மீ. ஓட வேண்டியிருக்கும். மொத்தம் 10 மி.மீ. ஓட்டத்தில் மீதம் 3 மி.மீ. மட்டுமே. பேட் டிஸ்க்கைத் தொடுவதற்கும் இறுக்குவதற்கும் அது போதாது. ஒரு சின்ன மருந்துச் சிரிஞ்சில் கால்பாகம்கூட வராத காற்று ஒரு பிரேக்கையே செயலிழக்கச் செய்துவிடுகிறது. அதனால் "ஓரளவு சரியாகிவிட்டது, ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஆகவே எத்தனை தடவை மிதித்தோம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. காற்று இப்போது எங்கே நிற்கிறது, அது மேல்நோக்கியே போய் வெளியேற எந்த வழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீழே சொல்வது எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் பொருட்கள். புதிதாகச் சீல் உடைக்கும் டாட் 4 பாட்டில் ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 50 அல்லது 60 மி.லி. சிரிஞ்சு இரண்டு. மீன் தொட்டிக் காற்றுக் குழாயாக விற்கும் கண்ணாடி மாதிரித் தெளிவான டியூப் ஒரு மீட்டர், நிப்பிளில் இறுக்கமாக ஏற வேண்டும். நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர். பெரும்பாலும் 8 மி.மீ. இருக்கும், சிலவற்றில் 10. ஓப்பன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம், நிப்பிளின் தலை உருண்டுவிட்டால் கேலிப்பரையே மாற்றும் செலவு வரும். நாலைந்து கேபிள் டை, பனியன் வேஸ்ட், ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், இந்த ஆயில் பெயின்டைக் கரைத்துவிடும். டேங்கிலோ பேனலிலோ ஒரு சொட்டு விழுந்தாலும் துடைப்பதோடு நிறுத்தாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பல்சர் போன்ற வண்டிகளின் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. ஆனால் இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அதே டாட் 4-க்கு 155 டிகிரிவரைதான் உத்தரவாதம், டாட் 3-க்கு 140. மலையிறக்கத்தில் பின் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வரும்போது ஆயில் கொதித்து ஆவியானால், அந்த ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும், பெடல் திடீரென்று இறங்கும். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாட்டிலை, அதுவும் சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று ஊர்களில், மறுபடி பயன்படுத்தாதீர்கள். டாட் 5.1-ஐ டாட் 4 உடன் கலக்கலாம், பிரச்சினை இல்லை. வெறும் டாட் 5 என்பது சிலிக்கோன், வேறு ரகம். அதை இதோடு சேர்க்கவே கூடாது. எஞ்சின் ஆயில், டீசல், பெட்ரோல் எதுவும் உள் பாகங்களில் படக் கூடாது, ரப்பர் சீல் ஊதிப் பெருத்துவிடும். கேலிப்பரைப் பெட்ரோலில் கழுவியிருந்தால் சீலை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

ஆயில் ஊற்றும் முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. இதில் பலரும் தவறவிடுவது பெடலின் ஃப்ரீ பிளே. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு மிகச் சின்னத் துளை உண்டு. பெடல் முழுதாக மேலே வந்திருக்கும்போது மட்டும் அது டப்பாவுக்கும் லைனுக்கும் நடுவில் வழி விடும். பெடலை லேசாக மிதித்தாலே பிஸ்டன் அந்தத் துளையைக் கடந்து அடைத்துவிடும். பெடல் உயரம் அட்ஜஸ்ட் செய்கிறேன் என்று புஷ்ராடை (பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பி) கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டால் பிஸ்டன் எப்போதும் பாதி மிதித்த நிலையிலேயே நிற்கும். அப்போது ஆயில் டப்பாவிலிருந்து இறங்காது, காற்றும் மேலே வராது. வண்டி ஓடும்போது பிரேக் விடாமல் பிடித்துச் சூடேறும் தொல்லையும் இதிலிருந்தே வருகிறது. உங்களுக்கு முதலில் ஆயிலே இறங்கவில்லை என்று சொல்கிறீர்கள், அதனால் இதை முதலில் பாருங்கள். புஷ்ராடைக் கையால் ஆட்டினால் இம்மியளவு ஆட்டம் தெரிய வேண்டும். பெடல் நுனியில் சில மில்லிமீட்டர் வெறுமனே நகர வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். துளையே பழைய ஆயில் கட்டி தட்டி அடைத்திருந்தாலும் இதே கோளாறு வரும், மெல்லிய கம்பி இழையால் பதமாகக் குத்தி எடுக்கலாம்.

அடுத்து பேஞ்சோ போல்ட், அதாவது ஹோஸின் முனையைப் பிடித்து, தன் நடுத் துளை வழியே ஆயிலையும் விடும் போல்ட். ஹோஸின் இரு முனையிலும் போல்ட்டுக்கு இரண்டு இரண்டு வாஷர், ஆக நாலும் புதிதாக இருக்க வேண்டும். பழைய செம்பு வாஷர் நசுங்கிய தடத்தில் மறுபடி சரியாக உட்காராது. வெளியே ஆயில் சொட்டாவிட்டாலும் அந்த வழியாகக் காற்று இழுக்க இடமுண்டு. கூடவே கேலிப்பரில் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் பாருங்கள். மாட்டிய நிலையில் நிப்பிள்தான் உச்சியில் இருக்க வேண்டும். வேறு மாடல் கேலிப்பரை வாங்கிப் போட்டவர்களுக்கு நிப்பிள் கீழே போய்விடும், அதில் எவ்வளவு மிதித்தாலும் மேலே சிக்கிய காற்று வரவே வராது.

இப்போது நிரப்பும் வேலை. காலி லைனுக்கு நான் பரிந்துரைப்பது கீழிருந்து மேலே ஏற்றும் முறை. கேலிப்பரைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றுங்கள், ஹோஸ் அதில் மாட்டியே இருக்கட்டும். பேட் இரண்டுக்கும் நடுவில் டிஸ்க்கின் தடிமன் உள்ள ஒரு மரக்கட்டையையோ தட்டையான ஸ்பேனரையோ செருகுங்கள். இது கட்டாயம். இல்லாமல் யாராவது பெடலைத் தொட்டால் கேலிப்பரின் பிஸ்டன் வெளியே வந்து விழும். பிஸ்டனை முடிந்தவரை உள்ளே தள்ளி வைத்துவிட்டால் கேலிப்பருக்குள் காலி இடம் குறையும், காற்றுக்கு இடமும் குறையும். பிறகு ஹோஸைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, கேலிப்பரைக் கீழே தொங்கவிட்டு, ஹோஸின் அந்த மேடு முடிந்தவரை மறையும்படி செய்யுங்கள். கேலிப்பரிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் வரை பாதை எங்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஹோஸ் நீளம் எல்லா வண்டியிலும் இதற்கு முழுதாக இடம் கொடுக்காது, முடிந்தவரை போதும்.

சிரிஞ்சில் ஆயில் உறிஞ்சி, டியூப்பை மாட்டி, நுனிவரை ஆயில் வரும்வரை தள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு நிப்பிளில் செருகிக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். டப்பாவின் மூடியையும் ரப்பர் டயஃப்ரத்தையும் எடுத்துவிடுங்கள். நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, சிரிஞ்சை மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் தள்ளுங்கள். இங்கேதான் மிதிக்கும் முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். அங்கே ஒரு தடவைக்கு 1.27 மி.லி. போய் நின்றுவிடும். இங்கே 50 மி.லி. ஒரே ஓட்டமாகப் போகிறது, குமிழிக்குத் திரும்பி ஏற நேரமே இல்லை. அது போக வேண்டிய திசையும் மேல்நோக்கியே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் டப்பாவுக்குள் குமிழிகள் பொங்கி வருவதைப் பார்க்கலாம். பின் பிரேக் டப்பா சின்னது, சட்டென்று நிரம்பிவிடும். கூட ஒருவர் நின்று இன்னொரு சிரிஞ்சால் அங்கிருந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்றதும் தள்ளும் அழுத்தத்தை விடாமலே நிப்பிளை மூடிவிடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். ஆயில் கேலிப்பருக்குள் நிப்பிள் வழியே நுழைந்து ஹோஸ் வழியே வெளியேறுகிறது. ஆகவே இந்தக் கட்டத்தில் ஹோஸ் மாட்டிய துளை மேலே இருக்கும்படி கேலிப்பரைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நிப்பிள் மேலே இருந்தால் அதையொட்டி ஒரு குமிழி தேங்கிவிடும். தள்ளும்போதே கேலிப்பரை இப்படியும் அப்படியும் திருப்பி, ஸ்பேனரின் பிளாஸ்டிக் பிடியால் அல்லது கட்டையால் தட்டிக்கொடுங்கள். சுவரில் ஒட்டிய சின்னக் குமிழிகள் கிளம்பி வரும்.

சிரிஞ்சு தள்ளவே மறுக்கிறது என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். பெடலில் ஏதாவது இடித்துக்கொண்டு பாதி மிதிபட்டிருக்கிறதா, புஷ்ராடில் ஆட்டம் இருக்கிறதா, அந்தச் சின்னத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன கோளாறு இருந்தால் அது இந்த இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய கறுப்பு ஆயில் உள்ள, சுத்தம் செய்யாத கேலிப்பரில் இந்த முறையைச் செய்யக் கூடாது. அடியில் படிந்த அழுக்கு எல்லாம் மேலேறி மாஸ்டர் சிலிண்டரின் துளையில் போய் உட்காரும். நீங்கள் கேலிப்பரைச் சுத்தம் செய்து புது ஹோஸும் போட்டிருப்பதால் தாராளமாகச் செய்யலாம்.

சிரிஞ்சு கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? மாஸ்டர் சிலிண்டரை முதலில் தனியாக நனைக்க வேண்டும். காய்ந்த சீல் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்குமே தவிர ஆயிலை இழுக்காது. பேஞ்சோ போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பெடலை மெதுவாக மிதியுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், பெடலை விடும்போது விரல் ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது. சில மிதிகளில் விரலடியில் ஆயில் பீய்ச்சும். அப்புறம் ஹோஸை மாட்டிவிட்டு மேலே தொடரலாம். கீழே துணி போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். இந்த ஆயில் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

லைன் நிரம்பியாயிற்று. இப்போதுதான் வழக்கமான மிதிக்கும் முறைக்கு வேலை. கேலிப்பரை நிப்பிள் உச்சியில் வரும்படி திருப்பி, முடிந்தால் மாஸ்டர் சிலிண்டரைவிட உயரமாகத் தூக்கிக் கட்டுங்கள். இப்போது காற்றின் போக்கும் ஆயிலின் போக்கும் ஒரே திசையில், நிப்பிளை நோக்கி இருக்கும். டியூப்பின் மறுமுனை ஆயிலுள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொண்டு நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். பெடல் இறங்கும். அது அடியைத் தொடும் முன் நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், வரிசை மாறினால் வெளியேற்றிய காற்றே திரும்ப உள்ளே போகும். அடுத்த மிதிக்கு முன் இரண்டு மூன்று விநாடி பொறுங்கள், டப்பாவிலிருந்து ஆயில் அந்தச் சின்ன வழியாக இறங்க நேரம் வேண்டும். படபடவென்று அடித்தால் பெரிய குமிழி பொடிப்பொடியாக உடைந்து நுரையாகும், நுரையை வெளியேற்றுவது இன்னும் கஷ்டம். டப்பாவை அடிக்கடி பாருங்கள். பத்துப் பதினைந்து மிதியிலேயே காலியாகிவிடும் அளவுதான் அதில் இருக்கும், ஒருமுறை அடி தெரிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பழைய வண்டியில் பெடலை அடிவரை மிதிக்காமலிருப்பது நல்லது. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முன்பாதியில்தான் ஓடும். பின்பாதியில் துருவும் கசடும் படிந்திருக்கலாம், அங்கே சீல் போய் உரசினால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துவிட்டால் காலுக்கே எல்லை தெரிந்துவிடும். ஏர் எடுத்த கையோடு மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

இவ்வளவும் செய்து பெடல் முக்கால்வாசி இறுகி, அதன் பிறகும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதா? மீதக் காற்று பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும். ஒன்று, மாஸ்டர் சிலிண்டரின் பேஞ்சோ போல்ட். பின் மாஸ்டரில் ஹோஸ் வெளியேறும் வாய் மேல்பக்கம் இருப்பதால் அங்கே ஒரு குமிழி தங்க வசதி அதிகம். பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு அந்தப் போல்ட்டை நிப்பிளைப் போலவே ஒரு நொடி தளர்த்தி இறுக்கினால் புஸ்ஸென்று கிளம்பும். சுற்றிலும் துணி கட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஹோஸின் மேடு. அதற்குப் பிஸ்டனைத் திரும்பத் தள்ளும் வித்தை மிக நன்றாக வேலை செய்யும். பெடலை இரண்டு மூன்று முறை மிதித்துப் பிஸ்டனைக் கட்டைவரை வெளியே வரவிட்டு, பிறகு பேட்டை நெம்பி ஒரே ஓட்டமாக உள்ளே தள்ளுங்கள். கேலிப்பரில் உள்ள ஆயில் மொத்தமாகப் பின்னோக்கி ஓடும்போது குமிழியையும் டப்பாவுக்கு இழுத்துக்கொண்டு வரும். டப்பா நிரம்பி வழியாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, சில வண்டிகளில் பிரேக் லைட் ஸ்விட்ச் பேஞ்சோ போல்ட்டிலேயே இருக்கும். அதன் குழிவிலும் காற்று நிற்கும், அதையும் மிதித்துப் பிடித்துத் தளர்த்தியே எடுக்க வேண்டும்.

பெடலை இரவு முழுக்க மிதித்த நிலையில் கட்டி வைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதற்குப் பலன் இருக்கிறது, பொடிக் குமிழிகளுக்கு மட்டும். அழுத்தத்தில் அவை சுருங்கிச் சுவரை விட்டு நகர்ந்து மேட்டுக்கு வந்து சேரும். ஆனால் பெடல் மிதித்திருக்கும்வரை அந்தச் சின்னத் துளை மூடியிருப்பதால் டப்பாவுக்கு வர முடியாது. காலையில் கட்டை அவிழ்த்ததும் பெடலைக் கையால் முதல் சில மில்லிமீட்டர் மட்டும் டக் டக்கென்று தட்டிக்கொண்டே டப்பாவைப் பார்த்தால் ஒவ்வொன்றாக வரும். பெரிய காற்றை இது எடுக்காது.

வேக்வம் பம்ப் வைத்து நிப்பிளில் உறிஞ்சுபவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் நிப்பிளின் மரைகளுக்கு இடையிலேயே வெளிக்காற்று நுழைந்து டியூப்பில் குமிழியாக வந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்து லைனில் இன்னும் காற்று இருப்பதாக நினைத்துப் பாட்டில் பாட்டிலாக ஆயிலைச் செலவழிக்க வேண்டாம். டியூப்பைப் பார்க்காமல் பெடலை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஏபிஎஸ் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் சிங்கிள் சேனல் (முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ்) வண்டிகளுக்குப் பின் சக்கர லைன் ஏபிஎஸ் யூனிட்டின் கட்டுப்பாட்டில் இல்லை, அதனால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். டூயல் சேனலில் (இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ்) பின் லைன் யூனிட்டுக்குப் போய் மறுபடி இறங்கி வரும், மேடு இன்னும் உயரம். யூனிட்டுக்குள் உள்ள வால்வுகளில் சில சாதாரணமாக மூடிக் கிடப்பதால் அவற்றுக்குப் பின்னால் காற்று புகுந்துவிட்டால் வெளியே எடுக்க ஸ்கேன் டூல் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) வைத்து அவற்றை இயக்க வேண்டியிருக்கும். சர்வீஸ் சென்டர் வேலை அது. எனவே டூயல் சேனல் வண்டியில் ஆயில் மாற்றும்போது டப்பாவை ஒரு கணமும் காலியாக விடக் கூடாது.

முடிக்கும்போது நிப்பிளை அளவோடு இறுக்குங்கள். பல வண்டிகளில் அதற்கு 6 நியூட்டன் மீட்டர் அளவுதான், மணிக்கட்டு இறுக்கம் போதும். பேஞ்சோ போல்ட்டுக்கு மாடலைப் பொறுத்து 25 முதல் 35 வரை இருக்கும், மேனுவலைப் பாருங்கள். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே ஆயில் மட்டம் வையுங்கள். பேட் பாதி தேய்ந்த நிலையில் மேல்கோடுவரை நிரப்பினால் புது பேட் போடும் அன்று வழியும். நிப்பிளுக்கு ரப்பர் தொப்பியைப் போடுங்கள், மழையில் துரு பிடித்தால் அடுத்த முறை திறக்காது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேட்டில் ஆயில் ஊறிவிட்டால் தீயில் காட்டுவது, உப்புத்தாளால் தேய்ப்பது எல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள்.

கேலிப்பரை மாட்டியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதியுங்கள். உள்ளே தள்ளி வைத்த பிஸ்டன் வெளியே வந்து பேட் டிஸ்க்கைத் தொட்ட பிறகுதான் பிரேக் பிரேக்காக இருக்கும். இதை மறந்து கிளம்பினால் முதல் திருப்பத்தில் பெடல் சும்மா இறங்கும். அப்புறம் பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசான உரசலோடு தாராளமாகச் சுற்ற வேண்டும். ஆள் இல்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கைத் தயாராக வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

கடைசியாக, மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா என்ற உங்கள் கேள்விக்கு. பெடலை நல்ல பலத்தோடு மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். முதல் மிதியில் கீழே போய், தொடர்ந்து மிதித்தால் மேலே வந்து நின்றுகொள்கிறது என்றால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது பேட் டிஸ்க்கிலிருந்து விலகிப் போகிறது. இறுகி நின்ற பெடல், காலை எடுக்காமலே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே எங்கும் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, டப்பாவில் மட்டமும் குறையவில்லை என்றால்தான் உள் சீலைத் தாண்டி ஆயில் திரும்புகிறது என்று அர்த்தம். அந்த ஒரு அறிகுறி தெரிந்தால் மட்டும் கிட் வாங்குங்கள். கிட் போடும் முன் சிலிண்டரின் உள்சுவரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறலோ குழியோ இருந்தால் கிட் நிற்காது, மாஸ்டர் சிலிண்டர் முழுதாகவே புதிது போட வேண்டும்.